பட்டா யார் பெயரில்?

கென்யா: ஒரு மண்ணின் கணக்கு – 11

1963 டிசம்பர். சுதந்திரக் கொடி ஏறிச் சில நாள்கள்தான் ஆகியிருந்தன. நியேரி ஊரின் ருரிங்கு மைதானத்துக்குக் காட்டிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். தோளில் புரளும் சடைமுடி, விலங்குத் தோலில் தைத்த சட்டை. சிலர் கையில் துப்பாக்கி. தண்ணீர்க் குழாயும் கதவுத் தாழ்ப்பாளும் வைத்துக் காட்டிலேயே செய்துகொண்டது அது. சுடும்போது எதிரியைவிடச் சுடுகிறவன்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

டெடான் கிமாத்தியை 1957 பிப்ரவரியில் கமிட்டி சிறையில் தூக்கிலிட்டதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். தலைவன் போன பிறகும் ஆறு வருடத்துக்கு மேல் மலையில் தாக்குப்பிடித்த மிச்சம் மீதிப் பேர் இவர்கள். புதிய அரசு பொதுமன்னிப்பு அறிவித்தது, வந்தார்கள். 'மாவ் மாவ்' என்பது அடுத்தவர்கள் வழங்கிய பெயர். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரில் இரண்டு சொற்கள் இருந்தன: நிலம், விடுதலை. விடுதலை வந்துவிட்டது. நிலம்?

அதற்கான எழுத்து வேலை அவர்கள் காட்டில் இருந்தபோதே பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதுதான் இந்த வாரக் கதை. அதற்கு ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

1954. நெருக்கடி நிலையின் உச்சம். கிகுயு மக்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் குடிசைகளை விட்டுக் கிளப்பி, முள்வேலியும் அகழியும் சூழ்ந்த புதுக் கிராமங்களில் அரசு அடைத்துக்கொண்டிருந்தது. பல பத்தாயிரம் ஆண்கள் தடுப்பு முகாம்களில் இருந்தார்கள். அந்த நேரத்தில் வேளாண் துறை அதிகாரி ரோஜர் ஸ்வின்னர்ட்டன் ஒரு திட்டம் எழுதினார். மேலோட்டமாகப் பார்த்தால் அப்பாவியான வேளாண்மைத் திட்டம். சிதறிக் கிடக்கும் துண்டு நிலங்களை ஒன்று சேர்ப்பது, தனி ஆளுக்குத் தனிப் பட்டா கொடுப்பது, அதுவரை ஏறக்குறைய வெள்ளையர்களின் ஏகபோகமாக இருந்த காபியை ஆப்பிரிக்கர்களும் பயிரிட விடுவது. ஆனால் ஸ்வின்னர்ட்டன் ஒளிவுமறைவு தெரியாத மனிதர். கெட்டிக்காரனும் பணக்காரனும் இனி நிலத்தைச் சேர்ப்பான், ஏழையும் சோம்பேறியும் இழப்பான், நிலமுள்ள வர்க்கம் ஒன்றும் இல்லாத வர்க்கம் ஒன்றும் உருவாகும், ஒரு நாடு வளரும்போது இது இயல்பான படிதான் என்ற பொருளில் அந்த அறிக்கையிலேயே எழுதிவைத்தார். ஏற்றத்தாழ்வு எதிர்பாராமல் வந்த பக்கவிளைவு என்று பின்னாளில் சொன்னவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும்.

பழைய கிகுயு வழக்கில் நிலம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இதில் பறிபோனது என்ன என்று புரியும். 'ம்பாரி' எனப்படும் வகையறாவுக்கு நிலம் சொந்தம். ஒரு குடும்பத்துக்கு மலைச்சரிவில் ஒரு துண்டு, மேட்டில் ஒரு துண்டு, ஓடைக்கரையில் ஒரு துண்டு இருக்கும். மேட்டில் மழை பொய்த்தால் ஓடைக்கரைத் துண்டு சோறு போடும். எல்லையில் 'இத்தோகா' என்ற அல்லிச் செடியை நட்டுவைப்பார்கள். விற்பனையும் உண்டு, ஆனால் விற்றவன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்பி வந்துவிடும். இவை தவிர 'அஹோய்' என்றொரு கூட்டம். நிலம் இல்லாதவர்கள், நட்பின் பேரிலோ கொண்டு கொடுத்த உறவிலோ வகையறாவிடம் கேட்டு ஒரு பகுதியில் உழுது பிழைப்பவர்கள். வாடகை என்று ஒன்றுமில்லை. விருந்து நாளில் ஒரு குடம் பீர், வீடு கட்டும்போது கைவேலை, அவ்வளவுதான். எழுத்தில் எதுவும் கிடையாது. ஆனாலும் அது உரிமை.

இதையெல்லாம் 1938இலேயே விளக்கமாக ஒருவர் புத்தகமாக எழுதியிருந்தார். லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் படித்த மாணவர். நில உரிமைக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கி, எல்லைச் செடி நடும் சடங்கைக்கூட விடாமல் பதிவு செய்தவர். பெயர் ஜோமோ கென்யாட்டா. அவர் பெயர் இந்தக் கதையில் இனி அடிக்கடி வரும், வேறு வேடத்தில்.

ஒன்று சேர்ப்பு எப்படி நடந்தது? ஊருக்கு ஒரு பெரியவர்கள் குழு. குழுவில் யார்? முகாமுக்குப் போகாதவர்கள். அதாவது அரசின் பக்கம் நின்று காவல்படையில் சேர்ந்தவர்கள், அரசு நியமித்த தலைவர்கள், அவர்களுடைய மச்சான், மாமன்கள். துண்டுகளை அளந்து கூட்டி, மொத்த அளவுக்கு ஒரே இடத்தில் நிலம் ஒதுக்குவார்கள். நல்ல இடம் யாருக்கு, பாறைச்சரிவு யாருக்கு என்பது குழுவின் கையில். சங்கிலி பிடிக்கும் நாளில் தன் வரப்பைக் காட்ட வேண்டியவன், பல நூறு மைல் தள்ளி ஏதோ ஒரு முகாமில் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கிராம வேலிக்குள், மாலை ஊரடங்குக்குள். மீறி யாராவது வழக்குப் போட்டால்? 1957இல் அதற்கும் வழி செய்தார்கள்: நிலவழக்குகளைக் கோர்ட்டுகள் விசாரிப்பதையே ஒரு சட்டம் போட்டு நிறுத்திவைத்தார்கள். அப்போதைய ஃபோர்ட் ஹால் மாவட்டத்தில் முறைகேடு எல்லை மீறிப்போய் வேலையைத் திரும்ப முதலிலிருந்து செய்ய நேர்ந்தது. ஆட்சியாளர்களுக்கே வெட்கமாகப் போன அளவுக்கு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

1963இல் பதிவு நிலச் சட்டம் வந்தது. அதன் 143ஆவது பிரிவை நான் இரண்டு முறை படித்தேன், முதல் முறை தவறாகப் புரிந்துகொண்டேனோ என்ற சந்தேகத்தில். மோசடியால் நடந்த பதிவைக் கோர்ட் திருத்தலாம். நல்லது. ஆனால் முதல் பதிவு என்றால் திருத்த முடியாது. மோசடியே என்றாலும் முடியாது. முகாமிலிருந்து திரும்பியவனுடைய நிலம் பங்காளி பேரில் ஏறியிருந்தால் ஏறியதுதான். 'அஹோய்' என்ற சொல்லுக்குப் பதிவேட்டில் கட்டமே இல்லை. வாழ்நாள் முழுக்க உழுதவர்கள் ஒரே கையெழுத்தில் அத்துமீறிக் குடியிருப்பவர்கள் ஆனார்கள். வகையறாவில் பெண்களுக்கு இருந்த உழவுரிமையும் அப்படியே கரைந்தது, பட்டா பெரும்பாலும் ஆண் பேரில் ஏறியதால். இந்தத் தொடரில் தூக்குமேடைகளைப் பற்றியும் முகாம் அடிதடிகளைப் பற்றியும் எழுதியாயிற்று. அவையெல்லாம் ஒருநாள் முடிவுக்கு வந்தன. இந்தப் பிரிவு சுதந்திர நாட்டின் சட்டப் புத்தகத்தில் அரை நூற்றாண்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்தது.

இது கிகுயு பகுதிக்குள் நடந்தது. வெளியே வெள்ளையர் மேட்டுநிலம் இருந்தது, ஏறக்குறைய 75 லட்சம் ஏக்கர். அதற்காகத்தானே சண்டையே.

1963 ஆகஸ்டில், சுதந்திரத்துக்கு நான்கு மாதம் முன்பு, நகுரு நகர மண்டபத்தில் வெள்ளைக்காரப் பண்ணையார்கள் கூடியிருந்தார்கள். நேற்றுவரை தங்களில் பலர் இருளின் தலைவன் என்று ஏசிய ஆள் மேடைக்கு வருகிறார். கென்யாட்டா அங்கே சொன்னதன் சாரம்: பழசை மறப்போம், மன்னிப்போம், நீங்கள் இங்கேயே இருந்து நன்றாக விவசாயம் செய்யுங்கள். கூட்டம் முடிந்தபோது பண்ணையார்களே 'ஹராம்பே' என்று குரல் கொடுத்தார்களாம். ஒன்றாக இழுப்போம் என்று பொருள்.

இருக்க விரும்பாதவர்களுக்கு என்ன ஏற்பாடு? அதுதான் பத்து லட்சம் ஏக்கர் திட்டம். பிரிட்டனும் உலக வங்கியும் மேற்கு ஜெர்மனியும் பணம் போட்டன. அந்தப் பணம் கென்யா அரசின் வழியாக வெள்ளைப் பண்ணையார்களுக்குப் போய்ச் சேர்ந்தது, அவர்களில் பலரோடு நாட்டை விட்டும் போயிற்று. நிலத்தை வெட்டித் துண்டுபோட்டுக் குடியேற்றிய ஆப்பிரிக்கக் குடும்பங்கள் அதை வட்டியோடு தவணை தவணையாகக் கட்ட வேண்டும். சுமார் 35,000 குடும்பங்களுக்கு இப்படி நிலம் கிடைத்தது. சிறிய விஷயம் இல்லை, ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வளவு வேகத்தில் இவ்வளவு நிலம் கைமாறியது என்று அதிகாரிகள் பெருமைப்பட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் பாட்டன் உழுத மண்ணைப் பேரன் கடன் வாங்கி வாங்குகிறான், கடன் கொடுத்தவர்களில் ஒருவர் அதை எடுத்துக்கொண்ட நாடு. இந்தக் கணக்கு ஒரு சாதாரண விவசாயிக்கு எவ்வளவு சொல்லியும் புரியவில்லை. எனக்கும்தான்.

இன்னொன்று. அந்தப் பத்து லட்சமும் கலப்புப் பண்ணைகளிலிருந்து எடுத்தது. கெரிச்சோவின் தேயிலை, பெரிய காபித் தோட்டங்கள், சணல் கற்றாழைத் தோட்டங்கள், மாட்டுப் பண்ணைகள் எதையும் யாரும் தொடவில்லை. துண்டுபோட்ட நிலத்திலும் துரை குடியிருந்த கல்வீடு வந்த இடத்தில் மட்டும் அளவுநாடா நின்றுவிடும். வீட்டைச் சுற்றி நூறு ஏக்கரை அப்படியே விட்டுவைத்துப் 'பொறுப்பான' ஆப்பிரிக்கர்களுக்கு ஒதுக்கினார்கள். பொறுப்பானவர்கள் யார் என்று கேட்டால் எம்.பி.க்கள், அமைச்சர்கள், உயர் அதிகாரிகள். பண்ணை உடையாமல் முழுதாகக் கைமாறியவை இன்னும் பல லட்சம் ஏக்கர். விற்கிறவன் விருப்பம், வாங்குகிறவன் விருப்பம் என்பது விதி. வங்கிக் கடனுக்கு யார் பேச்சு எடுபடுமோ அவர்தான் வாங்குகிறவர். முதல் குடும்பமான கென்யாட்டா குடும்பத்தின் கையில் இப்படி எத்தனை ஏக்கர் சேர்ந்தது என்பதில் இன்றுவரை கணக்குகள் முட்டிக்கொள்கின்றன. சிறிதல்ல என்பதில் மட்டும் சண்டை இல்லை.

இல்லாதவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராகக் கூட்டுச் சேர்ந்து நிலம் வாங்கும் கம்பெனிகளை ஆரம்பித்தார்கள். ஆட்டை விற்று, காபிக் கூலியைச் சேர்த்துப் பங்குப் பணம் கட்டினார்கள். ஒரு ரசீது கிடைக்கும். மடித்து மடித்துக் கிழிந்த அந்த ரசீதை ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு, பண்ணை பிரிபடும் நாளுக்காக இருபது முப்பது வருடம் காத்திருந்த கிழவிகள் உண்டு. இயக்குநர்களின் துண்டுகள் தார்ச்சாலையை ஒட்டி முன்னதாகவே பிரிந்துவிடும்.

இதை அரசுக்குள் இருந்தே எதிர்த்தவர் பில்டாட் காகியா. கென்யாட்டாவோடு கபெங்குரியா வழக்கில் தண்டனை பெற்ற அறுவரில் ஒருவர். வடக்குப் பாலைவனத்து லோகிட்டாங் சிறையில் மற்றவர்கள் கல்லுடைக்க, வயதான கென்யாட்டாவைச் சமையலுக்குப் போட்டார்கள் என்று முன்பே பார்த்தோம். அந்தக் கையால் சாப்பிட்டவர் காகியா. சுதந்திர அரசில் கல்வித் துறையில் நாடாளுமன்றச் செயலாளர் பதவி. அவருடைய வாதம் ரொம்பச் சுருக்கம்: திருட்டுப் போன பொருளுக்கு உடையவன் எதற்கு விலை கொடுக்க வேண்டும்? காட்டில் கிடந்தவர்களுக்கும் முகாமில் கிடந்தவர்களுக்கும் இலவசமாக நிலம் கொடுங்கள். கென்யாட்டாவின் பதில் ஸ்வாஹிலியில் மூன்று சொல்: 'ஹாகுனா சா புரே'. இலவசம் என்று எதுவும் கிடையாது. 1964இல் காகியாவின் பதவி போயிற்று.

1965 ஏப்ரலில் காகியாவின் சொந்தத் தொகுதியான கண்டாராவில் கூட்டம். மேடையில் காகியா உட்கார்ந்திருக்கிறார். கென்யாட்டா மைக்கைப் பிடித்தபடி, ஊர் முழுக்கப் பார்க்க அவர் பக்கம் திரும்புகிறார். நாமெல்லாம் ஒன்றாகத்தானே ஜெயிலில் இருந்தோம், காகியா. பால் ங்கேய் வீட்டுக்குப் போய்ப் பார், காபி போட்டிருக்கிறார். குபாய்க்குப் பெரிய வீடு, நல்ல தோட்டம். குங்கு கரும்பா சொந்தமாகப் பஸ் விடுகிறார். நீ உனக்கென்று என்ன செய்துகொண்டாய்? ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் அதே கேள்வி. கூட்டத்தில் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

ஒரு தேசத் தலைவர், தன்னோடு சிறையிருந்தவனைச் சொத்துச் சேர்க்கவில்லை என்று பொதுமேடையில் வைத்துத் திட்டிய காட்சி இது. மறைவில் பேசியதாக இருந்தால் வதந்தி என்று ஒதுக்கலாம். அவர் அதை வெட்கப்பட வேண்டிய பேச்சாக நினைக்கவே இல்லை. உழைத்தவன் முன்னேறினான், உழைக்காதவன் பேசுகிறான் என்பது அவருடைய உண்மையான நம்பிக்கை. ஸ்வின்னர்ட்டன் எழுதியதைக் கென்யாட்டா கிகுயுவில் பேசினார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த 1965 பொதுவாகவே மோசமான வருடம். பிப்ரவரி 24 அன்று நைரோபியில் தன் வீட்டு வாசலில், காருக்குள் சின்ன மகளோடு இருந்த பியோ காமா பின்டோவைச் சுட்டுக் கொன்றார்கள். கோவா வம்சாவளி, இடதுசாரி, காகியா தரப்பின் மூளை. அடுத்த சில மாதத்தில் 'ஆப்பிரிக்க சோஷலிசம்' என்ற தலைப்பில் அரசின் கொள்கை அறிக்கை வந்தது. தலைப்பில் சோஷலிசம், உள்ளே வேறு சரக்கு. அரசுப் பணத்தை எங்கே போட்டால் அதிக விளைச்சல் வருமோ அங்கே போடுவோம், நல்ல மண்ணும் மழையும் ரயிலும் சாலையும் உள்ள பகுதிதான் முதல் என்றது. ரயிலும் சாலையும் எங்கே இருந்தன? வெள்ளையர் போட்டுவைத்த இடத்தில். துர்கானா, மார்சபிட், வஜீர் போன்ற வறண்ட வடக்கு, மழை இல்லாத குற்றத்துக்காகப் பல தலைமுறை வரிசையின் கடைசியில் நின்றது. அறிக்கையை விமர்சித்து ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதிய இளம் பொருளாதார அறிஞரின் பெயர் பராக் ஒபாமா. ஆமாம், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவரின் அப்பாதான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. துணை ஜனாதிபதியாக இருந்த ஒடிங்காவும் காகியாவும் தனிக் கட்சி கண்டார்கள், 1969இல் அது தடைசெய்யப்பட்டது. 1971இல் ஒரு சம்பளக் கமிஷன், அரசு ஊழியர்கள் சொந்தத் தொழில் நடத்தலாம் என்று பரிந்துரைத்தது. லைசென்ஸ் கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரே உடம்பில் அமைந்தன. தெரு இதற்குள் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தது: 'வபென்சி'. ஸ்வாஹிலியில் ஒரு குலத்தைக் குறிக்க 'வ' சேர்ப்பார்கள், மிச்சம் மெர்சிடிஸ் பென்ஸ். மறுபக்கம் 'மஸ்கினி', ஏழை. நம்மூர் முஸ்லிம் வீடுகளில் புழங்கும் 'மிஸ்கீன்' என்ற அதே அரபுச் சொல்தான், இந்தியப் பெருங்கடலின் அக்கரையில் இறங்கியிருக்கிறது. 1972இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கென்யாவை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வேலையில்லாதவர்களை எண்ண வந்தவர்கள் கண்டது, காலை முதல் இரவுவரை வேலை செய்தும் ஏழையாகவே இருக்கும் மக்களை. தகரம் தட்டுகிறவர், டயரில் செருப்பு வெட்டுகிறவர், சோளம் சுடுகிறவர். 'முறைசாராத் துறை' என்ற பெயர் உலகமெங்கும் பரவியது அந்த அறிக்கையால்தான். கென்யர்கள் அதை 'ஜுவா காலி' என்பார்கள். சுள்ளென்ற வெயில்.

இனி ஜே.எம்.

ஜோசையா ம்வாங்கி கரியூகி பிறந்தது 1929இல், ரிஃப்ட் பள்ளத்தாக்கில் ஒரு வெள்ளைக்காரரின் பண்ணையில், நிலமில்லாக் கூலிக் குடும்பத்தில். 1953இலிருந்து 1960வரை முகாம் மாற்றி முகாம். வெளியே வந்து அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். கென்யாட்டாவின் தனிச் செயலாளர், பிறகு எம்.பி., துணை அமைச்சர். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அவரும் ஏழை இல்லை. பண்ணை இருந்தது, பந்தயக் குதிரைகள் இருந்தன, சூதாட்ட விடுதிகளில் பழக்கமான முகம். கிடைத்ததில் தன் பங்கை எடுத்துக்கொண்டவர்தான். ஆனாலும் மேடையேறி நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்றார், கையில் இருப்பதை வந்து கேட்கிறவர்களுக்குக் கொடுத்தார். பத்துக் கோடீஸ்வரர்களும் ஒரு கோடிப் பிச்சைக்காரர்களும் உள்ள கென்யா நமக்கு வேண்டாம் என்று அவர் சொன்னது ஊர் ஊராகப் பரவியது. 1969 கணக்கெடுப்பில் நாட்டின் மொத்த மக்கள்தொகை ஒரு கோடியே ஒன்பது லட்சம் சொச்சம். அதையும் சேர்த்துப் படித்தால்தான் அவர் போட்ட கணக்கின் சூடு தெரியும்.

1975 மார்ச் 2, ஞாயிறு. நைரோபி ஹில்டன் ஹோட்டலிலிருந்து போலீஸ் உயர் அதிகாரிகளோடு அவர் வெளியே போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மறுநாள் ங்கோங் மலைச்சரிவில் மாடு மேய்க்கப் போன மாசாய் ஒருவர் கருகிய உடலைக் கண்டார். அது பெயரில்லாத பிணமாக நகரப் பிணவறையில் கிடந்தபோது, ஜே.எம். ஸாம்பியா போயிருக்கிறார் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அடையாளம் காட்டியவர்கள் அவருடைய மனைவிமார்.

மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். நாடாளுமன்றம், அந்தக் காலத்துக்குப் பெரிய தைரியத்தோடு, எலைஜா ம்வாங்காலே தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. ஜூனில் அறிக்கை தயார். சபைக்கு வருவதற்கு முன் ஜனாதிபதிக்கு மிக நெருங்கிய இருவரின் பெயர்கள் அதிலிருந்து நீக்கப்பட்டன. மிச்சப் பெயர்கள்மீதும் வழக்கு எதுவும் நடக்கவில்லை. கென்யாவில் யார் பெயர் காகிதத்தில் ஏற வேண்டும், யார் பெயர் இறங்க வேண்டும் என்பதைப் பதினைந்து இருபது வருடமாகப் பழகிய கைகள் அவை.

மாவ் மாவ் அமைப்பின்மீது 1950இல் வெள்ளையர் போட்ட தடை அப்போதும் அமலில் இருந்தது. அது நீங்க 2003 ஆக வேண்டியிருந்தது.

ஜே.எம். செத்து இரண்டு வருடம் கழித்து, லிமுரு பக்கம் கமிரீது என்ற ஊரில், கூலியாட்களும் விவசாயிகளுமாகச் சேர்ந்து தாங்களே ஒரு திறந்தவெளி அரங்கம் கட்டினார்கள். கிகுயுவில் ஒரு நாடகம். எழுதிய இருவரில் ஒருவர் கூகி வா தியாங்கோ. மேடையில் ஒரு ஏழையின் குடிசை, மண் சுவர், சுவரில் ஆணியில் தொங்கும் ஒரு காகிதம்: ஒன்றரை ஏக்கருக்கான பட்டா. நாடகம் தொடங்கிய 1977 அக்டோபரிலிருந்து கூகியைக் கைது செய்த டிசம்பர் 31 வரை மூன்று மாதம். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)